முதலில் எதை நிறுத்துவது?

பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மூளைக்குள் சென்று, உடலின் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறும்போது இறுகிப்போன கால் நடக்கத் தொடங்குகிறது. அளவு கூடிவிட்டால் சிலருக்கு இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறார்கள். அளவைக் குறைத்தால் ஆட்கள் போகிறார்கள், கூடவே நடையும் போய்விடுகிறது. இந்த நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கணக்குக்குள் வந்து சேர்கிறார்கள். கும்பகோணத்தில் போக்குவரத்துக் கழகத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு நோய் கண்டுபிடித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகு, நாங்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தோம். நடுக்கத்தைப் பற்றியும் நடையைப் பற்றியும் எங்களுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மாமாவுக்குத் தெரிந்த ஆட்கள் பெரும்பாலும் பயணிகள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் ஊஞ்சலுக்குப் பின்னால் பையும் மூட்டையுமாக வந்து நிற்பார்கள், பேச மாட்டார்கள். கைக்குழந்தையுடன் ஒரு பெண் அடிக்கடி வருவாள். "மாயவரம் வண்டி போயிருச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லும்மா, எவ்வளவு நேரந்தான் நிக்கும்" என்று என்னிடம் சொல்வார். குரலில் பயம் இருக்காது, கடமைதான் இருக்கும். சில நாட்களில் தாமே சிரித்து, "இல்லைன்னு தெரியுது, ஆனா தெரியுது" என்பார். தஞ்சாவூர் நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அவங்களைப் பார்த்து இவர் பயப்படுறாரா?" என்பது. இல்லை என்றதும் மருந்துச் சீட்டில் புதிதாக எதையும் எழுதாமல், ஏற்கெனவே இருந்த பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்கினார். அன்று எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி அந்தப் படிப்பில்தான் இருக்கிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

பார்க்கின்சன் நோய் நீடிக்கும்போது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் மாயக்காட்சி வருகிறது. தொடக்கத்தில் அது மிகச் சிறியதாக இருக்கும்: அறையில் தமக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோன்ற உணர்வு, கடைக்கண்ணில் பூனை ஓடியதுபோன்ற ஒரு தோற்றம், கொக்கியில் தொங்கும் சட்டை மனிதனாகத் தெரிவது. பிறகு முழு உருவங்கள் வரலாம். மனச்சிதைவு நோயில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். இங்கே கண்ணுக்குத் தெரிவதுதான் அதிகம், பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில். காரணம் மருந்து மட்டுமன்று. 1912-இல் ஃபிரிட்ஸ் ஹைன்ரிக் லூயி நரம்பணுக்களுக்குள் கண்ட உருண்டைப் படிவுகள் நடையைக் கட்டுப்படுத்தும் பகுதியோடு நிற்காமல் மூளைப் புறணிக்கும் பரவும்போது, விழிப்பும் பார்வையும் கவனமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. அந்தப் படிவுகள் புறணியெங்கும் பரவியிருந்த நோயாளிகளைப் பற்றி 1976 முதல் எழுதியவர் ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கோசாகா. இன்று லூயி பாடி டிமென்ஷியா என்று அழைக்கப்படும் நோயில், திரும்பத் திரும்ப வரும் மாயக்காட்சி நோயைக் கண்டறிவதற்கான முக்கிய அடையாளங்களுள் ஒன்று. கனவில் நடப்பதற்கேற்பத் தூக்கத்தில் கையை வீசுவதும் கத்துவதும் இன்னொன்று. அது மற்ற அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடக்கூடும். மாமா நடுராத்திரியில் "ரைட், ரைட்" என்று கத்திக்கொண்டு கட்டில் சட்டத்தைத் தட்டியது நடுக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்னால். டெப்போ ஞாபகம் என்று வீடே சிரித்தது.

பயணிகளோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அடுத்து வந்தது சந்தேகம். என் மாமியாரைக் காட்டி, "இவ உங்க அத்தை இல்லை. அவளை மாதிரியே இருக்கா, அவ்வளவுதான்" என்று ஒருநாள் சொன்னார். நெருங்கியவரின் இடத்தில் அதே முகத்தோடு வேறொருவர் வந்துவிட்டார் என்ற இந்த நம்பிக்கையை 1923-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிரா விவரித்தார். மருத்துவ உலகில் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மறதிநோய்களில் பணம் திருடுபோனது, மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது, இது நம் வீடு இல்லை, மாடியில் யாரோ குடியிருக்கிறார்கள் என்பனவும் அடிக்கடி வருகின்றன. 1901-இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் சந்தித்த அகஸ்ட் டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் வீட்டார் முதலில் கவனித்தது கணவர் மீதான கடுமையான சந்தேகத்தைத்தான். ஆகவே அல்சைமர் நோயின் முதல் வரலாறே சந்தேகத்தோடு தொடங்குகிறது. நாம்தான் அதை மறதியின் நோயாக மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

அத்தை இதற்குத் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விடுவார்; கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தபடியே, "ஏங்க, காபி கலக்கட்டுமா?" என்று குரல் கொடுப்பார். "சர்க்கரை கம்மியா போடு" என்று கூடத்திலிருந்து பதில் வரும். அந்தக் குரல் அவருடைய மனைவியின் குரல்தான். அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997-இல் எழுதிய ஆய்வில் ஏறத்தாழ இதே காட்சி இருக்கிறது: விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் பெற்றோரை நேரில் பார்த்தால் போலிகள் என்பார், தொலைபேசியில் பேசினால் சரியாக அடையாளம் கண்டுகொள்வார். முகத்தை அறியும் பாதைக்கும் அந்த முகம் எழுப்ப வேண்டிய உணர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டது, குரலின் பாதை தப்பிவிட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். தலைக்காயத்துக்குச் சொன்ன விளக்கம் மெல்லச் சிதையும் மூளைக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால் நான் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதற்குப் பக்கவிளைவு கிடையாது.

இனி மருத்துவர் படித்த பட்டியலுக்கு வருகிறேன். திடீரென்று, ஓரிரு நாட்களுக்குள் குழப்பமும் மாயக்காட்சியும் கூடினால் முதலில் தேட வேண்டியது மூளைக்கு வெளியே: சிறுநீர்த் தொற்று, சளி, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, நாட்கணக்கில் மலம் போகாமல் இருப்பது, எங்கேயோ இருக்கும் வலி. இவற்றால் வரும் குழப்பத்தை மனநோய் மருந்தால் அடக்கினால் காரணம் உள்ளேயே தங்கிவிடும். வலியை மட்டும் கவனித்தாலே என்ன நடக்கும் என்பதை நார்வேயின் முதியோர் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 2011-இல் வெளியான அதில், மறதிநோயும் கொந்தளிப்பும் உள்ள 352 பேரில் ஒரு பாதியினருக்குப் பாரசிட்டமால் தொடங்கிப் படிப்படியாக வலிக்கான சிகிச்சை தரப்பட்டது; எட்டு வாரங்களில் அவர்களுடைய கொந்தளிப்பு கணிசமாகக் குறைந்தது. வாய்விட்டு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் போன ஒருவர் வேறு எப்படித்தான் சொல்வார்? கண்ணையும் பார்க்க வேண்டும். கண்புரை முற்றியிருந்தால், மங்கலான காட்சியை மூளை தன் சரக்கைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது.

அடுத்தது மாத்திரைகள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில், நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கிறது. வயதானவர்களுக்கு, அதுவும் நினைவு தளர்ந்தவர்களுக்கு, குழப்பத்தை வரவழைக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆண்டுக்கணக்கில் அதையே வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் குளோர்பெனிரமின் ஆகியவையும் அதே வேலையைச் செய்கின்றன. இவற்றைக் கழித்த பிறகும் காட்சிகள் தொடர்ந்தால், பார்க்கின்சன் மருந்துகளையே ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். முதலில் அமான்டடின், பிறகு செலிஜிலின் அல்லது ரசாஜிலின், பிறகு பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை, அதன் பிறகு என்டகபோன். லெவோடோபாவைக் கடைசியாகத்தான் தொடுவார்கள், ஏனென்றால் நடையைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்கு இணையில்லை. எல்லாம் மெதுவாக, மருத்துவரின் கண் முன்னால். மாமாவுக்கு இரண்டு மாத்திரைகள் நின்றபோதே கூடத்துக் கூட்டம் பாதியாகிவிட்டது. நடுக்கம் கொஞ்சம் கூடியது. சட்டைப் பொத்தானை அத்தை போட்டுவிட வேண்டியிருந்தது. அந்தப் பேரத்தை மாமாவிடமே கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் செய்தோம்.

ஒருநாள் இரவு காய்ச்சலோடு குழப்பம் முற்றி, அத்தையை வெளியே போகச் சொல்லிக் கையை ஓங்கியபோது, பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்க்கின்சன் என்று வாசலிலேயே சொன்னோம். ஆனாலும் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் மாமா மரக்கட்டை போலக் கிடந்தார், விழுங்கவும் முடியவில்லை. அந்த மருந்து டோபமின் ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. டோபமினே பற்றாக்குறையாக இருக்கும் ஒருவருக்கு மிச்சமிருக்கும் வாசலையும் சாத்துவதுதான் அது. லூயி பாடி நோயாளிகளில் பலருக்கு இத்தகைய மருந்துகள் கடுமையான, உயிருக்கே ஆபத்தான எதிர்வினையை உண்டாக்கும் என்று இயன் மெக்கீத்தும் குழுவினரும் எழுதியது 1992-இல். ஒரு தலைமுறைக் காலம் கடந்த பிறகும் அந்தச் செய்தி இரவுப் பணியில் இருக்கும் அறைக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மாமா மெல்லத் தேறினார், ஆனால் முன்பிருந்த நடை முழுவதும் திரும்பவில்லை.

கூட்ட வேண்டிய மருந்துகளில் எங்கள் மருத்துவர் முதலில் எடுத்தது ரிவாஸ்டிக்மின். இது நினைவுக்கான மருந்து என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் லூயி படிவு நோய்களில் அசிட்டைல்கோலின் பெரிதும் குறைந்துவிடுவதால், அதைக் காப்பாற்றும் இந்த மருந்து மாயக்காட்சிகளையும் தணிக்கக்கூடும். 2000-இல் லூயி பாடி டிமென்ஷியா உள்ள 120 பேரிடமும், 2004-இல் பார்க்கின்சனோடு மறதிநோய் வந்த 541 பேரிடமும் இதைச் சோதித்தார்கள். முன்னேற்றம் மிதமானது, ஆனாலும் உண்மையானது. தொல்லை வயிற்றில்தான். குமட்டல் வரும், வாந்தி வரும். அப்போது மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் மெட்டோகுளோபிரமைடுதான் கைக்கு வரும். அதுவும் மூளைக்குள் புகுந்து டோபமினைத் தடுக்கும் மருந்து. தலைச்சுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசினும் அப்படியே. மருந்துக்கடைக்காரர் நல்லெண்ணத்தில் தருவதுதான், நோயாளி மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் போவதும் அதனால்தான். டோம்பெரிடோன் என்று பெயரைச் சொல்லியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பட்டையாகத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மினில் வயிற்றுத் தொல்லை குறைவு, விலைதான் அதிகம்.

அதற்கும் அடங்காமல், நோயாளி பயந்து நடுங்கினாலோ பிறருக்கு ஆபத்து வந்தாலோதான் மனநோய் மருந்து. இங்கே பரவலாகக் கொடுக்கப்படுவது குவெட்டியாபின், 12.5 மில்லிகிராமில் தொடங்கி. நடையை அதிகம் கெடுக்காது, இரவில் தூக்கம் தரும், ரத்தப் பரிசோதனை தேவையில்லை. இத்தனை வசதிகளும் உள்ள மருந்து பார்க்கின்சன் மாயக்காட்சிகளைக் குறைக்கிறது என்பதற்கான ஆய்வுச் சான்று மட்டும் பலவீனமானது. சான்று வலுவாக இருப்பது குளோசபினுக்கு. 1999-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் தலா 60 பேரிடம் நடந்த இரண்டு சோதனைகளில் காட்சிகள் தெளிவாகக் குறைந்தன, நடை கெடவில்லை. அமெரிக்கச் சோதனையில் சராசரி அளவு நாளுக்கு ஏறத்தாழ 25 மில்லிகிராம்தான்; மனச்சிதைவுக்குக் கொடுப்பது பல நூறு மில்லிகிராம். பிறகு ஏன் எல்லோரும் குவெட்டியாபினிடமே போகிறார்கள்? 1975-இல் பின்லாந்தில் குளோசபின் எடுத்தவர்களில் 8 பேர் வெள்ளணுக்கள் அற்றுப்போய்த் தொற்றால் இறந்தார்கள். அன்று முதல் அந்த மருந்தோடு ரத்தப் பரிசோதனையும் ஒட்டிக்கொண்டது. தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ஊசி குத்த வேண்டும், முடிவு வந்த பிறகுதான் அடுத்த வாரத்து மாத்திரை. மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் இது வேலை. எங்கள் தெருவில் ரத்தம் எடுக்கும் பையன் விடியற்காலையில் சைக்கிளில் வருவான், "தாத்தா, இன்னைக்கு எந்தக் கை?" என்று கேட்டுவிட்டுத்தான் ரப்பர் பட்டையைக் கட்டுவான். என் கணிப்பில், வேலை அதிகம் என்பதற்காகவே நல்ல மருந்து ஒதுக்கப்படுகிறது. மாமாவுக்கு அத்தை மீதான சந்தேகம் அடங்கியது குளோசபினில்தான். பயணிகள் எப்போதாவது வந்தார்கள். அவர்களை விரட்டுவதற்காக அளவைக் கூட்ட வேண்டாம் என்று மருத்துவரும் நாங்களும் முடிவு செய்தோம்.

டோபமினைத் தொடாமல் செரட்டோனின் ஏற்பி ஒன்றின் வழியாக வேலை செய்யும் பிமவன்செரினை, பார்க்கின்சன் நோயின் மாயக்காட்சிகளுக்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் 2016 ஏப்ரலில் அனுமதித்தது. 199 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், 45 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு 5.79-உம் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.73-உம் குறைந்தன. நடை பாதிக்கப்படவில்லை, ஆனால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், இதயத் துடிப்பின் லயத்தையும் கவனிக்க வேண்டும். அல்சைமர் நோயின் மனப்பிறழ்வுக்கும் அதே மருந்துக்கு அனுமதி கேட்டபோது, 2022 ஜூனில் ஆலோசனைக் குழு 9-க்கு 3 என்று எதிராக வாக்களித்தது. ஆகஸ்டில் ஆணையமும் மறுத்துவிட்டது. அல்சைமருக்கு நிலைமை இன்னும் வறட்சியானது. ஒலன்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மூன்றையும் 421 பேரிடம் ஒப்பிட்ட 2006-ஆம் ஆண்டு ஆய்வில், கிடைத்த பலனைப் பக்கவிளைவுகள் பெரும்பாலும் தின்றுவிட்டன.

இந்த மனநோய் மருந்துகளின் அமெரிக்க விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை உண்டு. மறதிநோய் உள்ள முதியவர்களிடம் நடந்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்க ஆணையம் 2005-இல் வெளியிட்டது அது. ஏறத்தாழ பத்து வாரங்களில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும், மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் இறந்திருந்தார்கள். அதாவது நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஏறத்தாழ இரண்டு மரணங்கள். பெரும்பாலும் இதயம், அல்லது நிமோனியா. 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. இந்த எண்ணை எங்களிடம் மருத்துவர் ஒளிக்கவில்லை. அத்தையை அடிக்கக் கை ஓங்கும் ஒருவருக்கு அந்த இரண்டு சதவீதத்தை ஏற்கலாம். ஊஞ்சலுக்குப் பின்னால் நிற்கும் பயணிகளுக்காக ஏற்க முடியாது. அல்சைமர் நோயாளிக்குத் தொடங்கினால் நான்கு மாதங்களுக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. பார்க்கின்சனில் நிறுத்தினால் காட்சிகள் திரும்பிவிடுவது அதிகம் என்பதால் எங்களுக்கு அந்தக் கெடு வைக்கப்படவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் "இன்னும் தேவையா?" என்று கேட்டே மீண்டும் எழுதித் தருகிறார்.

உறவினர்கள் வந்து போகும்போதெல்லாம் முனி பார்த்துவிட்டது என்றும், தாயத்து கட்டலாம் என்றும் சொன்னார்கள். தாயத்தால் கெடுதல் இல்லை என்பதால் நான் சண்டை போடவில்லை; மாத்திரையை நிறுத்திவிட்டுக் கட்டு என்றவரோடு மட்டும் போட்டேன். அதைவிடக் கெடுதலாக எனக்குப் பட்டது, வருகிறவர்கள் எல்லோரும் மாமாவைத் திருத்த முயன்றது. "அங்க யாருமே இல்லையே" என்று வாதாடினால் அவர் தோற்பதில்லை, கோபப்படுகிறார். "ஆமாம், நிக்கிறாங்க" என்று நடித்தால், தெளிவாக இருக்கும் நேரத்தில் நம்மை நம்ப மாட்டார். "எனக்குத் தெரியலை மாமா, உங்களுக்குத் தெரியுது. லைட்டைப் போடட்டுமா?" என்பது எங்களுக்கு ஒத்துவந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கே கூடத்து விளக்குகள் எரிந்துவிடும். ஊஞ்சலுக்கு எதிரில் இருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டோம். கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டுவது நின்றது.

வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால் ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்பது மேலே; ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், புரோமெத்தசின் கொடுக்கக் கூடாது என்பது நடுவில், பெரிய எழுத்தில்; லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாலும் நரம்பியல் மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது அதற்குக் கீழே. உங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிவிடுங்கள். வெறும் தாளை நீட்டினால் அவசரப் பிரிவில் படிக்க மாட்டார்கள், முத்திரை இருந்தால் படிக்கிறார்கள். எங்களுடையது காப்பீட்டு அட்டையோடு ஒரே உறையில் இருக்கிறது. இன்னொரு நகல் மருந்துக்கடையில்.